யார் சொல்லி வந்தீங்க?

கிளினிக்கில் புதிதாகப் பதிவு போடும்போது பெயர், வயது, ஊர், போன் நம்பர் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வருவார் ரிசப்ஷனில் இருக்கும் பெண். கடைசிக் கேள்வி இது: "யார் சொல்லி வந்தீங்க?"

தயங்காமல் பதில் வரும். "எங்க அத்தை பொண்ணு இங்கதான் பார்த்தாங்க." "ஆபீஸ்ல ஒரு மேடம் சொன்னாங்க." பெயரும் சேர்ந்தே வரும். தெரிந்தவர் பெயரைச் சொன்னால் டாக்டர் இன்னும் கொஞ்சம் அக்கறையாகப் பார்ப்பார் என்கிற எண்ணம் நம் எல்லோருக்கும் உண்டு. அந்தப் பெயர் நோட்டிலோ கம்ப்யூட்டரிலோ ஏறிவிடுகிறது. ஏன் கேட்டார்கள், யாருக்குப் போகும் என்று எதிர்க்கேள்வி கேட்கிறவர்கள் அரிது.

பல இடங்களில் அந்தப் பெயர் நன்றியாகத் திரும்பிப் போகிறது. அனுப்பிவைத்தவருக்கு ஒரு போன், ஒரு வாட்ஸ்ஆப் செய்தி, தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ், அடுத்த முறை ஃபீஸில் சலுகை. இல்லையென்றால், அவர் மறுபடி வரும்போது டாக்டரே முகம் மலர்ந்து, "உங்க ஃப்ரெண்ட் வந்திருந்தாங்களே, ரொம்ப தேங்க்ஸ்" என்கிறார். சொல்கிறவருக்கும் மகிழ்ச்சி, கேட்கிறவருக்கும் மகிழ்ச்சி. ஆனால் இந்த இருவரும் பேசிக்கொள்வது அங்கே இல்லாத மூன்றாவது ஒருவரைப் பற்றி. அவர் வைத்தியத்துக்கு வந்துபோனார் என்ற செய்தி கைமாறுகிறது. சொல்லலாமா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

ஒரு நிலைமையை எண்ணிப் பாருங்கள். ஒரே அலுவலகத்தில் இரண்டு பெண்கள். மூத்தவருக்குப் பல வருடம் குழந்தையில்லாமல் இருந்து, ஒரு கருத்தரிப்பு மையத்தில் சிகிச்சை எடுத்துப் பிள்ளை பிறந்திருக்கிறது. இளையவருக்கும் அதே ஏக்கம். தனியாக இருந்த ஒரு நேரத்தில் மூத்தவர் மனம்விட்டுப் பேசி, அந்த மையத்தின் பெயரைச் சொல்கிறார். இளையவர் உடனே போகவில்லை. மாமியாருக்குத் தெரியாமல், சில நாள் கணவருக்கே சொல்லாமல் யோசித்து, கடைசியில் அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தனியாகப் போகிறார். பதிவுப் படிவத்தில் மூத்தவர் பெயரை எழுதுகிறார். அன்று மாலையே மூத்தவரின் போனுக்குச் செய்தி வருகிறது: உங்கள் பரிந்துரையின் பேரில் இன்னார் இன்று எங்கள் மையத்துக்கு வந்தார், மிக்க நன்றி. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், நாலு பேர் உட்கார்ந்திருக்கும் மேசையில், உண்மையான அன்போடு அவர் கேட்கிறார்: "போயிட்டு வந்தியாமே, டாக்டர் என்ன சொன்னாங்க?"

இதில் யாரும் கெட்டது நினைக்கவில்லை. மையம் நன்றி சொன்னது. தோழி விசாரித்தார். ஆனால் எந்தச் செய்தியைக் காப்பதற்காக அந்தப் பெண் லீவுக்குக் காரணம் தேடினாரோ, அது ஒரே இரவில் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

பெயர்ப்பலகையே போதும்

"நாங்கள் ரிப்போர்ட்டைக் காட்டவில்லையே, என்ன வியாதி என்று சொல்லவில்லையே" என்பார்கள். வந்தார் என்று சொன்னதே போதும். பொது மருத்துவரிடம் போனார் என்றால் காய்ச்சலாக இருக்கலாம், முழங்கால் வலியாக இருக்கலாம். கருத்தரிப்பு மையம், மனநல மருத்துவமனை, மூல நோய் சிகிச்சை, குடி மறப்பு மையம், தோல் சிகிச்சை, புற்றுநோய் மருத்துவமனை இவற்றில் வாசலில் இருக்கும் பெயர்ப்பலகைதான் நோயின் பெயர். ஆளின் பெயரையும் இடத்தின் பெயரையும் சேர்த்துச் சொன்னால், ஃபைலைத் திறந்து காட்டியதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வரன் பார்க்கும் வீட்டில் இது என்ன செய்யும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. பெண் மனநல மருத்துவரிடம் போய்வந்தாள் என்ற ஒரே ஒரு வரி, அது பரீட்சை நேரத்துத் தூக்கமின்மைக்காகவே இருந்தாலும், நிச்சயதார்த்தம் வரை வந்ததை நிறுத்திவிடும். வாடகை வீடு, வேலை, சொந்தத்துக்குள் பேச்சு எல்லாவற்றையும் அது தொடும்.

இதனால்தான் நாட்டின் சட்டங்கள் சில சிகிச்சைகளைத் தனியே எடுத்துப் பாதுகாத்திருக்கின்றன. செயற்கைக் கருத்தரிப்பு பற்றிய 2021-ஆம் ஆண்டுச் சட்டம், சிகிச்சைக்கு வரும் தம்பதியர், பெண்கள், தானம் கொடுப்பவர்கள் ஆகியோரின் விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று மையங்களுக்குக் கட்டளையிடுகிறது. தேசியப் பதிவகத்துக்குக் கொடுக்கலாம். அவசர நிலையில் அந்தத் தம்பதியே கேட்டால் கொடுக்கலாம். நீதிமன்றம் உத்தரவிட்டால் கொடுக்கலாம். அனுப்பிவைத்த தோழிக்கு நன்றி சொல்லக் கொடுக்கலாம் என்று அதில் இல்லை. கருக்கலைப்புச் சட்டத்தில் 2021-இல் சேர்த்த பிரிவு இன்னும் கடுமையானது: பெண்ணின் பெயரையோ விவரங்களையோ சட்டப்படி அதிகாரம் பெற்றவர் தவிர வேறு யாருக்கும் மருத்துவர் வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமும், அதே ஆண்டின் ஹெச்.ஐ.வி. சட்டமும் ரகசியத்தை நோயாளியின் உரிமையாகவே எழுதிவைத்திருக்கின்றன.

இவை இல்லாத மற்ற நோய்களுக்கும் பொதுவான விதி உண்டு. இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் கொண்டுவந்த மருத்துவர் நன்னடத்தை விதிகளில், தொழிலின் வழியே அறிந்த நோயாளியின் ரகசியத்தை வெளியிடக் கூடாது என்று இருக்கிறது. அது அறிவுரைப் பகுதியில் இல்லை. தவறான நடத்தை என்ற அத்தியாயத்தில், நடவடிக்கைக்கு உரிய குற்றமாக இருக்கிறது. விலக்குகள் மூன்றுதான்: நீதிமன்ற உத்தரவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடுமையான ஆபத்து, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய். டி.பி. இந்த மூன்றாவது வகையில் வருகிறது. நன்றி எந்த வகையிலும் வராது.

சென்னையில் கொடுத்த ரத்தம்

ஒரு பெயர் மருத்துவமனையை விட்டு வெளியேறினால் என்ன ஆகும் என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் முதன்முதலில் விரிவாகப் பேச வேண்டி வந்த வழக்குகளில் ஒன்று சென்னையில் தொடங்கியது. நாகாலாந்து அரசுப் பணியில் இருந்த ஒரு மருத்துவர், அறுவை சிகிச்சைக்கு வந்த நோயாளி ஒருவருக்குத் துணையாக 1995-இல் சென்னைக்கு வந்தார். நோயாளிக்கு ரத்தம் தேவைப்பட்டது. கொடுத்தார். அந்த ரத்தத்தைச் சோதித்தபோது அவருக்கு ஹெச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அவருக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது, அது நின்றது. ஊரில் செய்தி பரவியது. உறவும் சமூகமும் ஒதுக்கின. கோஹிமாவை விட்டுக் கிளம்பி, சென்னைக்கே வந்து தங்க வேண்டிய நிலை.

மருத்துவமனை ரகசியத்தைக் காக்கவில்லை என்று வழக்குப் போட்டார். 1998-இல் வந்த தீர்ப்பு அவருக்குச் சாதகமாக இல்லை. ரகசியம் காப்பது மருத்துவரின் கடமைதான். ஆனால் திருமணம் செய்யவிருந்த பெண்ணின் உயிருக்கு ஆபத்து இருக்கும்போது அந்தக் கடமைக்கு எல்லை உண்டு என்றது நீதிமன்றம். திருமண உரிமை பற்றி அந்தத் தீர்ப்பில் சொன்னவை தேவையற்றவை என்று 2002-இல் பெரிய அமர்வு ஒதுக்கிவைத்தது வேறு கதை.

மருத்துவமனைக்குச் சாதகமான தீர்ப்பு என்பதாலேயே இதை இங்கே சொல்கிறேன். ரகசியத்தை மீறலாம் என்று அனுமதித்த நீதிமன்றம்கூட, ஒரு பெண்ணின் உயிர் என்ற எடையைத் தராசின் மறுதட்டில் வைத்த பிறகுதான் அனுமதித்தது. பத்து சதவீதச் சலுகைக்கும் ஸ்வீட் பாக்ஸுக்கும் அந்தத் தட்டில் என்ன எடை இருக்கிறது?

2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒரே குரலில் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

அமெரிக்கப் பல் மருத்துவமனைகள் கற்ற பாடம்

நோயாளி நோயாளியை அழைத்துவரும் வழக்கம் அமெரிக்காவிலும் பெரிது. குறிப்பாகப் பல் மருத்துவமனைகளில். நண்பரை அனுப்பினால் கிஃப்ட் கார்டு, குலுக்கலில் பரிசு, வரவேற்பறைப் பலகையில் பெயர் எழுதி நன்றி என்று பல வழிகள். அங்கே ஹிப்பா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் வந்த அந்தரங்க விதிகளை 2003 ஏப்ரலிலிருந்து மருத்துவமனைகள் பின்பற்றியாக வேண்டும். நோய் என்ன என்பது மட்டும் அல்ல, ஒருவர் அந்த மருத்துவமனையின் நோயாளி என்ற செய்தியே பாதுகாக்கப்பட்ட தகவல். ஆகவே, "இன்னாரை அனுப்பியதற்கு நன்றி" என்று அட்டை அனுப்பினால், இன்னாரின் எழுத்துபூர்வமான அனுமதி கையில் இருக்க வேண்டும்.

அந்தச் சட்டம் கண்மூடித்தனமானது அல்ல. காத்திருக்கும் அறையில் பெயரைச் சொல்லி அழைக்கலாம். வருகிறவர்கள் கையெழுத்திடும் தாள் வைக்கலாம், எதற்காக வந்தார் என்ற கட்டம் மட்டும் அதில் இருக்கக் கூடாது. ஒரு மருத்துவர் அனுப்பிய நோயாளியைப் பற்றி இன்னொரு மருத்துவர் அவருக்குக் கடிதம் எழுதலாம். அது சிகிச்சையின் ஒரு பகுதி. அனுப்பிவைத்த தோழியோ அண்ணியோ சிகிச்சையின் பகுதி இல்லை. நம் ஊரில் குழம்பிப்போகும் இடம் இதுதான். டாக்டருக்கு டாக்டர் எழுதும் பதில் கடிதத்தையும், நோயாளிக்கு அனுப்பும் நன்றியையும் ஒரே மரியாதையாக நினைத்துவிடுகிறோம்.

நன்றி அட்டைக்காகப் பெரிய அபராதம் என்று தலைப்புச் செய்தி வராமல் இருக்கலாம். அதன் அண்டை வீட்டுத் தவறுகளுக்கு வந்திருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பிசியோதெரபி நிறுவனம், குணமானவர்களின் பெயரையும் முகம் தெரியும் படத்தையும் உரிய அனுமதி இல்லாமல் தன் இணையதளத்தில் போட்டதற்காக 2016-இல் 25,000 டாலர் கட்டியது. டல்லாஸில் ஒரு பல் மருத்துவ நிறுவனம், குறைசொன்ன நோயாளிக்கு இணையத்தில் பதில் எழுதும்போது அவர் பெயரையும் சிகிச்சை விவரத்தையும் எழுதிவிட்டது. 2019-இல் 10,000 டாலர். நியூஜெர்சியில் ஒரு மனநல மையத்துக்கு அதேபோன்ற தவறுக்கு 2023-இல் 30,000 டாலர். மூன்றிலும் யாரும் ஃபைலைத் திருடவில்லை. புகழ்ந்தவரைக் காட்டிப் பெருமைப்பட்டார்கள், குறைசொன்னவருக்கு விளக்கம் சொன்னார்கள். சாதாரண மனித இயல்புதான். நன்றி சொல்வதும் அதே இயல்பிலிருந்து வருவதால்தான் அதில் இருக்கும் ஆபத்து கண்ணுக்குத் தெரிவதில்லை.

டாக்டர் அறைக்குள்

இதுவரை பேசியது ஒரு பக்கம்: புதிதாக வந்தவரின் பெயர், அனுப்பியவருக்குப் போவது. மறுபக்கமும் இருக்கிறது. நம் ஊரில் அதுதான் அதிகம் என்று நினைக்கிறேன்.

புதிதாக வந்தவர் உட்கார்ந்ததும், "எங்க பக்கத்து வீட்டு சார் சொல்லி வந்தேன்" என்கிறார். டாக்டர் நிமிர்ந்து பார்க்கிறார். "அவரா! ரொம்ப நல்ல மனுஷன். இப்ப சுகர் கட்டுக்குள்ள இருக்கா? போன தடவை மாத்திரையே ஒழுங்கா போடலையே." ஐந்து விநாடிகூட ஆகாது. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை சரியாகப் போடுவதில்லை என்ற இரண்டு செய்திகள் அந்த அறையிலிருந்து தெருவுக்குப் போய்விட்டன. அவர் தன் நண்பரிடம் ஒருவேளை, "முதுகு வலிக்கு நல்லாப் பார்க்கிறார்" என்று மட்டும்தான் சொல்லியிருப்பார்.

இந்த இடத்தில் ஒரு தவறான எண்ணம் வேலைசெய்கிறது. "அவரே இவரை அனுப்பியிருக்கிறார், அப்படியானால் இருவருக்குள்ளும் ஒளிவுமறைவு இருக்காது" என்று டாக்டர் நினைத்துக்கொள்கிறார். ஒருவர் தன் மருத்துவரின் பெயரைச் சொல்லும்போது பகிர்வது மருத்துவரின் பெயரை மட்டும்தான். தன் உடம்பைப் பற்றி எவ்வளவு சொல்ல வேண்டும் என்று அவர் அளந்து சொல்லியிருக்கிறார். அந்த அளவை மாற்றும் உரிமை வேறு யாருக்கும் இல்லை. பல நேரம் இருவரும் நேரடியாகப் பேசியிருக்கவே மாட்டார்கள். சித்தி யாரிடமோ கேட்டு, அவர் இன்னொருவரிடம் சொல்லி, நாலு காது தாண்டி வந்த பெயராக இருக்கும்.

அப்படியானால் டாக்டர் என்ன சொல்லலாம்? "சரி, உங்களுக்கு என்ன பண்ணுது, சொல்லுங்க." இது போதும். அவர் என் நோயாளிதான் என்று உறுதிசெய்யவும் வேண்டாம், இல்லை என்று மறுக்கவும் வேண்டாம். பேச்சை எதிரே இருப்பவரின் உடம்புக்குத் திருப்பிவிட்டால், தன்னைத்தான் முழுதாகக் கவனிக்கிறார் என்று அவருக்கும் திருப்தி.

கவரும் பட்டியலும்

இங்கே இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. நோயாளியை அனுப்பியதற்குக் காசு. கமிஷன், கட்டிங் என்று எல்லோருக்கும் தெரிந்த பெயரில் நடப்பது. நோயாளியை அனுப்புவதற்கோ பரிந்துரைப்பதற்கோ பிடித்துக்கொடுப்பதற்கோ பரிசு, கமிஷன், போனஸ் எதையும் மருத்துவர் கொடுக்கவும் கூடாது, கேட்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்று அதே 2002 விதிகள் சொல்கின்றன. எதிர்ப்பக்கம் இருப்பவரும் மருத்துவராக இருக்க வேண்டும் என்று அந்த வாசகம் சொல்லவில்லை. ஆகவே நண்பரை அழைத்துவந்த நோயாளிக்கு அடுத்த முறை ஃபீஸில் சலுகை என்பதும் அதற்குள் வரும் என்றே நான் படிக்கிறேன். அமெரிக்காவிலும், அரசுக் காப்பீட்டில் வரும் நோயாளிகளைப் பிடித்துக்கொடுப்பதற்குப் பணமோ பொருளோ கொடுப்பது கிரிமினல் குற்றம்.

கமிஷனைப் பற்றிப் பேசும்போது வழக்கமாகப் பணத்தைப் பற்றி மட்டும் பேசுகிறோம்: தேவையில்லாத ஸ்கேன், ஏறிப்போன பில். அந்தரங்கமும் அதே கவரில் போகிறது. மாதக் கடைசியில் கணக்குத் தீர்க்க வேண்டுமென்றால் யார் யார் வந்தார்கள், என்ன சோதனை செய்தார்கள், எவ்வளவு கட்டினார்கள் என்ற பட்டியல் இல்லாமல் தீர்க்க முடியாது. அந்தப் பட்டியலைச் சிகிச்சைக்குத் தொடர்பே இல்லாத கைகள் பார்க்கின்றன. சலுகை கொடுக்கும் கிளினிக்குக்கும் இதே கட்டாயம்தான். யாருக்காகச் சலுகை என்று சொல்லாமல் சலுகை கொடுப்பது கடினம். பரிசு என்று வந்துவிட்டாலே கணக்கு வரும். கணக்கு வந்தால் பெயர் வரும். ஆகவே பரிசை நிறுத்துவதுதான் பெயர் கசிவதை நிறுத்த முதல் வழி.

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே"

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. நம் ஊரில் வைத்தியம் என்பது தனி ஆளின் விஷயமாக இருந்ததே இல்லை. டாக்டரிடம் போகும்போது அம்மாவோ அண்ணனோ பக்கத்து வீட்டு அக்காவோ கூட வருவார்கள். குடும்ப டாக்டர் என்பவர் மூன்று தலைமுறையின் உடம்பையும் அறிந்தவர். "உங்க அப்பாவுக்கும் இதே மாதிரிதான் வந்துச்சு" என்று அவர் சொல்லும் ஒரு வார்த்தை சில சோதனைகளைவிடப் பயன் உள்ளது. கைராசி என்று நம்பி, ஒருவர் சொல்லி ஒருவராக வருவதால்தான் சிறு ஊர்களில் நல்ல டாக்டர்கள் விளம்பரம் இல்லாமல் நிற்கிறார்கள். இந்த அன்னியோன்னியத்தைப் படிவங்களும் கையெழுத்துகளும் கொன்றுவிடாதா?

இந்தக் கவலையை நான் மதிக்கிறேன். குடும்ப டாக்டர் குடும்பத்தை விசாரிப்பதை யாரும் குறைசொல்லவில்லை. ஆனால் கூட யார் வர வேண்டும் என்று முடிவுசெய்தவர் நோயாளி. அக்காவை அழைத்துவந்தவர், அதே அக்காவுக்குத் தெரியக் கூடாதென்று வேறொரு நாள் தனியாக வரலாம். அன்று அந்தக் கதவு அவருக்கு மூடியிருக்க வேண்டும். எல்லோருக்கும் எல்லாம் தெரிந்த ஊரில்தான் ஒரு செய்தியைத் தனக்குள் வைத்திருப்பதற்கு இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது. சொந்த ஊரில் நல்ல டாக்டர் இருந்தும், இரண்டு பஸ் மாறி வேறு ஊருக்குப் போய் மனநல மருத்துவரைப் பார்க்கிறவர்கள் எதற்காகப் போகிறார்கள்? டாக்டரின் திறமையில் குறை கண்டு அல்ல. காத்திருக்கும் பெஞ்சில் தெரிந்த முகம் இருக்குமே என்று பயந்து. அந்தப் பயத்தால் போகாமலே இருந்துவிடுகிறவர்களை எந்தப் பதிவேடும் கணக்கில் கொள்ளாது.

தமிழ்நாட்டுக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. இந்தியாவில் ஹெச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986-இல். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையில் சேகரித்த ரத்த மாதிரிகளில். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில், வீட்டை விட்டு விரட்டப்பட்டவர்களையும் வேலை இழந்தவர்களையும் இந்த மாநிலம் பார்த்தது. பெயர் வெளியே போகாது என்ற நம்பிக்கை வந்த பிறகே மக்கள் சோதனைக்கு முன்வந்தார்கள். ஒரு நோயாளி தன்னைப் போன்ற இன்னொருவரைக் கைப்பிடித்துச் சிகிச்சை மையத்துக்கு அழைத்துவருவது அந்த உலகில் உயிர் காக்கும் வேலை. அங்கே அழைத்துவந்தவருக்கு மையம் கொடுக்கக்கூடிய மரியாதை, இருவர் பெயரையும் காப்பதுதான்.

கேட்டுவிட்டுச் சொல்லலாம்

அப்படியென்றால் நன்றியே சொல்லக் கூடாதா? சொல்லலாம், கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும். புதிதாக வந்தவரிடம், "உங்களை அனுப்பினவங்ககிட்ட நீங்க வந்ததா சொல்லி நன்றி சொல்லலாமா?" என்று கேட்டு, சம்மதம் என்றால் படிவத்தில் கையெழுத்து வாங்கலாம். பதில் சொல்லாமல் விட்டால் வேண்டாம் என்று பொருள். கேட்கும்போது பக்கத்தில் வேறு யாரும் நிற்கக் கூடாது. மறுத்ததால் சிகிச்சையிலோ வரிசையிலோ எந்த மாற்றமும் வரக் கூடாது.

பெயரை மட்டும் விட்டுவிட்டால் போதும் என்று பல கிளினிக்குகள் நினைக்கின்றன. "உங்கள் பரிந்துரைக்கு நன்றி" என்று மட்டும் அனுப்பினால் யார் என்று எப்படித் தெரியும்? தெரியும். அந்த அலுவலகத்து மூத்தவர் ஒரே ஒருவரிடம்தான் கருத்தரிப்பு மையத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். நன்றிச் செய்தி வந்த நிமிடமே, அந்த ஒருவர் போய்விட்டார் என்பது புரிந்துவிடும். பெயரை மறைத்தாலும் நேரம் காட்டிக்கொடுக்கிறது. அதனால் யாராவது வந்த உடனே அனுப்புகிற தானியங்கிச் செய்தியை முழுதாக நிறுத்த வேண்டும். பழைய நோயாளிகள் எல்லோருக்கும் பொங்கலுக்கோ ஆண்டு நிறைவுக்கோ பொதுவாக ஒரு நன்றி சொன்னால் யாரையும் அது காட்டிக்கொடுக்காது. அந்தப் பொதுச் செய்தியையும் நோயின் பெயரோ துறையின் பெயரோ வராமல் எழுத வேண்டும். பல வீடுகளில் ஒரே போனைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள்.

இன்னும் எளிய வழி ஒன்று உண்டு: நன்றியை நோயாளியிடமே விட்டுவிடுவது. குணமானவர் தானே போய், "நீங்க சொன்ன டாக்டர்கிட்ட போனேன், நல்லாயிட்டேன்" என்று அனுப்பியவரிடம் சொல்லும் நாள் ஒன்று வரும். வராமலும் போகலாம். அது அவர் விருப்பம்.

ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தக் கசிவில் பெரும்பகுதி அந்த மேசையில்தான் நடக்கிறது. அதற்கு அவரைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. போன் எடுப்பது, டோக்கன் கொடுப்பது, பில் போடுவது எல்லாம் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். "இன்னார் வந்தாங்களா?" என்று யாராவது போனில் கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். 2002 விதிகள் கட்டுப்படுத்துவது பதிவுபெற்ற மருத்துவரை. அவர் சார்பில் மேசையில் இருப்பவரைப் பயிற்றுவிப்பது மருத்துவரின் பொறுப்பு.

நோட்டுக்குச் சட்டம் இல்லை

2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் அதன் விதிகள் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027-இல் நடைமுறைக்கு வரும். எதற்காகத் தகவல் வாங்கினார்களோ அதற்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் மையக் கருத்து. சிகிச்சைக்காகக் கொடுத்த பெயரை நன்றிச் செய்திக்குப் பயன்படுத்த வேண்டுமென்றால் அதற்கெனத் தனியாக, தெளிவாகச் சம்மதம் வாங்க வேண்டியிருக்கும். அனுப்பியவரின் பெயரையும் போன் நம்பரையும் அவருக்குத் தெரியாமலே இன்னொருவரிடம் கேட்டு வாங்கி வைத்திருப்பதும் கேள்விக்கு உள்ளாகும்.

நல்ல சட்டம்தான். ஆனால் மூன்று ஓட்டைகள் என்னை உறுத்துகின்றன. முதலாவது, அது கணினியில் உள்ள தகவலுக்கு மட்டும் பொருந்தும். நம் கிளினிக்குகளில் மேசைமேல் திறந்துகிடக்கும் நீள நோட்டுக்குப் பொருந்தாது. இரண்டாவது, மருத்துவத் தகவலைக் கூடுதல் பாதுகாப்புக்கு உரிய தகவல் என்று 2011-ஆம் ஆண்டு விதிகள் தனியாக வகைப்படுத்தியிருந்தன. புதிய சட்டத்தில் அந்த வகை இல்லை. மூன்றாவது, அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்றாலும் அது அரசுக்குப் போகும். பெயர் வெளியானவருக்கு இழப்பீடு அதில் இல்லை.

மருத்துவர்களுக்கான விதிகளும் பாதி வழியில் நிற்கின்றன. நோயாளிகளின் பாராட்டையும் பரிந்துரையையும் கேட்டு வாங்கிச் சமூக ஊடகத்தில் போடக் கூடாது என்று தெளிவாகச் சொன்ன புதிய நன்னடத்தை விதிகளைத் தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் தொடக்கத்தில் வெளியிட்டது. அந்த மாதம் முடிவதற்குள் நிறுத்திவைத்தது. பழைய 2002 விதிகளே தொடர்கின்றன. அவை வாட்ஸ்ஆப் இல்லாத காலத்தில் எழுதப்பட்டவை.

பாதிக்கப்பட்டவர் இன்றைக்கு என்ன செய்யலாம்? வந்த செய்தியை அழிக்காமல் வைத்துக்கொண்டு, முதலில் அந்த மருத்துவரிடமே எழுத்தில் கேட்கலாம். சரியான பதில் இல்லையென்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதலாம். ஆனால் தன் ரகசியம் வெளியானது என்று புகார் கொடுக்க, அந்த ரகசியத்தை மறுபடி ஒருமுறை எழுத வேண்டியிருக்கிறது. பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அதனால் புகாருக்காகக் காத்திருக்காமல் அரசு முன்னே வர வேண்டும்.

அதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டமும் 2018-இல் வந்த அதன் விதிகளும் தனியார் கிளினிக்குகளைப் பதிவுக்குள் கொண்டுவந்துவிட்டன. இட வசதி, கழிப்பறை, மருத்துவக் கழிவு ஆகியவற்றைப் பார்க்கச் செல்லும் அதிகாரிகள் ரிசப்ஷன் மேசைக்கும் ஒரு நிமிடம் போகட்டும். வந்தவர்களின் நோட்டு அடுத்த ஆள் படிக்கும்படி விரிந்து கிடக்கிறதா, அனுப்பியவர் பெயரை எதற்குக் கேட்கிறார்கள், நன்றிச் செய்தி அனுப்பினால் நோயாளியின் கையெழுத்து ஃபைலில் இருக்கிறதா என்று பார்க்கட்டும். மக்கள் நல்வாழ்வுத் துறை ஒரு சுற்றறிக்கை விட்டால் இதை அடுத்த பதிவுப் புதுப்பிப்பிலேயே தொடங்கிவிடலாம்.